கொண்டி எந்தப் பக்கம்

ஸலாஹுதீன் லேண்ட்மாஸ்டர் வண்டியிலிருந்து சீமெந்துக் கற்களை இரண்டிரண்டாக இறக்கிக்கொண்டிருந்தபோது, தையல் கடையிலிருந்து நஸ்ஹா திரும்பி வந்தாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான். தலைத்துணியைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்தபடி அவள் உள்ளே போனாள். குசினியில் அவனுடைய மனைவி, அவளுக்கு மூத்த ராத்தா பஸீனா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னத்துக்கு ராத்தா இவ்வளவு கல்லு?”

“ஹோலுக்கு நடுவால சுவர் ஒண்டு வைக்கப் போறம். பின்னறையும் அந்தப் பக்கமும் ஒனக்கு.”

நுரைச்சோலையில் இருந்த அந்த வீடு பஸீனாவுக்குச் சீதனமாக வந்தது. நஸ்ஹாவுக்கும் ஒன்று கட்டிக்கொடுக்க வாப்பாவுக்கு ஆயுசு இருக்கவில்லை. மாப்பிள்ளை வந்து குடியேற வீடில்லாததால் அவள் கற்பிட்டியில் மாமியார் வீட்டுக்கே வாழப் போனாள். தலாக் ஆனபிறகு, உடுப்புப் பையோடு இங்கே வந்து இத்தா என்ற காத்திருப்புக் காலத்தையும் இருந்து முடித்தாள். போகச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்ல இப்போது கல் வந்து இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வேலை தொடங்கியது. ஸலாஹுதீன் கட்டாரில் மேசன்மாருக்குக் கலவை சுமந்தவன். கல் வைத்துப் பழக்கமில்லை. சுவருக்குச் சுவர் நூல் கட்டினான். வழுவழுப்பான தரையை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினான். பஸீனா கலவையைக் குழைத்துக் கொடுத்தாள். வைத்த கல் நூலைத் தள்ளிக்கொண்டு நின்றால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நஸ்ஹா தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

சுவர் முழங்கால் உயரம் வந்தபோது, துடைக்கத் துணி தேடிப் போன பஸீனா கட்டிலில் நஸ்ஹாவின் பை திறந்து கிடப்பதைக் கண்டாள். மடித்த உடுப்புகள் அதற்குள் இருந்தன.

“எங்க போறாய்?”

“எங்கயாச்சும். என்னை ஒதுக்கி வைக்கிறதுக்கு மச்சான் ஏன் பாடுபட்டு முறியோணும்?”

“ஒதுக்கவா? அவர் இரிக்கிறாரெண்டு, விடிஞ்சா தலையில போட்ட துணி, படுக்கிற வரைக்கும் கழட்டுறாயில்ல. கரண்டு போனாலும் வேர்க்க வேர்க்கப் போட்டுக்கிட்டு இருக்கிறாய். அந்த மனுசன் தன்ட ஊட்டுக்குள்ளேயே இருமிச் சத்தம் காட்டிக்கிட்டு வாறார். ரெண்டு பேரும் மூச்சு விட வேணாமா?”

பஸீனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கையில் காய்ந்த சீமெந்தைச் சுரண்டினாள்.

“பொய் சொல்ல மாட்டன். எனக்கும் வேணும் இந்தச் சுவர். அவரோட வாய்விட்டு ஒரு சண்டை போடக்கூட ஏலாம இரிக்கி.”

நஸ்ஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனேயே அழுகையும் வந்தது. ராத்தா அன்பாக ஏதாவது சொல்லியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். இந்தப் பதிலோடு எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“குசினி எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“எங்கட பக்கம்.”

நஸ்ஹா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக ஸலாஹுதீனிடம் நேராகப் பேசினாள்.

“மச்சான், குசினிக்கு வர அந்த ஓரத்துல ஒரு கதவு வைப்பமா? பூட்டுற கொண்டி என்ட பக்கம் இரிக்கட்டும்.”

சீமெந்துக் கரண்டியோடு நின்றவன் மனைவியைப் பார்த்தான். பஸீனா நஸ்ஹாவைப் பார்த்தாள். பிறகு, “வைங்க” என்றாள்.

“முந்தல் டவுன்ல பழைய கதவு விக்கிறாங்க. பாத்து எடுக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, ஈரம் காயாத ஓரத்துக் கற்களை அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தான். நஸ்ஹா அவற்றில் ஒட்டியிருந்த கலவையைக் கழுவி அடுக்கினாள்.

அடுத்த வெள்ளிக்குச் சுவர் முகட்டுக்குப் போய்விட்டது. நடுவில் சற்று வயிறு தள்ளியிருந்தது. பழைய பச்சைக் கதவு நிலையோடு வந்து ஓரத்தில் ஏறியது. வெடிப்பு விழாமலிருக்க, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொன்னான் ஸலாஹுதீன்.

மறுநாள் காலை நஸ்ஹா கொண்டியைப் போட்டு, தலைத்துணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் பக்கத்துச் சுவரில் கோப்பையால் தண்ணீர் ஊற்றினாள். கற்கள் சத்தமில்லாமல் குடித்துக் கறுத்தன. அந்தப் பக்கத்தில் ராத்தா எதற்கோ குரலை உயர்த்தினாள். மச்சானும் பதிலுக்கு உயர்த்தினான். பிறகு இருவரும் ஒன்றாகச் சிரிப்பது கேட்டது. நஸ்ஹா கோப்பையை வாளிக்குள் அமிழ்த்தி, கை எட்டும் மட்டும் உயரத்துக்குத் தண்ணீரை வீசினாள்.