ஒன்றரை டெசிபல்

காதுக்காரர் என்ற பட்டம் அவருக்கு லிஃப்டால் வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு, மூடிய கதவில் காதை வைத்து, மேலே பிரேக் உரசுகிறது, அதுவும் இடது பக்கம் என்று சொல்லிவிடுவார். உடன் வந்தவர்கள் மூச்சிரைக்க ஏறிப் போய்ப் பார்த்தால் இடது பக்கம்தான் தேய்ந்து கிடக்கும். கம்பெனி அதற்காக மெடல் ஒன்றும் குத்திவிடவில்லை. பட்டத்தோடு சரி.

அந்தக் காதை நம்பித்தான் அவர் கிட்டாரும் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து பேர் கூடுவார்கள். பாடுவது அவருடைய மனைவி. டிரம்ஸ் தட்டுவது பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறவர். பேஸ் கிட்டார், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் ஒரு டீச்சர். இன்னொரு கிட்டார் சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர். சகலைக்குத் தொழில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது. கடைக்கு மேல் இருந்த அறையில்தான் பயிற்சி நடக்கும்.

முன்பெல்லாம் கிட்டார் வாசிக்கிறவன் மூட்டை தூக்குகிறவனாகவும் இருக்க வேண்டும். ஒரு ஆம்ப்ளிஃபயரை இரண்டு மாடி ஏற்றினால் மறுநாள் முதுகு நிமிராது. இப்போது அந்த வேலையை ஆம்ப் மாடலர் என்கிற பெட்டி செய்கிறது. பேர்போன பழைய ஆம்புகள் எப்படி முழங்கும், எங்கே கரகரக்கும் என்பதையெல்லாம் உள்ளே கணக்காகப் போட்டு வைத்துக்கொண்டு, கிட்டாரை அவற்றின் குரலில் பேச வைக்கும். காதுக்காரரிடம் இருந்தது பெரிய பெட்டி. காலால் மிதிக்கப் பன்னிரண்டு பொத்தான், உள்ளே நூற்றுக்கணக்கான ஆம்புகள். எட்டு வருஷமாக அதில் ஒரே ஒரு ஒலியை அவர் இழைத்து இழைத்துச் செய்திருந்தார். அடி ஒலியான பேஸ் வயிற்றில் வந்து இடிக்கும், உச்ச ஒலியான ட்ரெபிள் பளபளக்கும். ஹெட்போனில் கேட்கும்போது அவருக்கே உடம்பு சிலிர்க்கும்.

சகலை கிட்டாரைத் தொட்டே மூன்று வருஷம்தான் ஆகிறது. முதல் கிட்டாரைக் கடைக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தவரே காதுக்காரர்தான். அந்த சகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு டப்பா அளவில் புது மாடலர் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பேஸ், நடு ஒலியான மிட், ட்ரெபிள் என்று மூன்றே திருகு. காதுக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். விளையாட்டுச் சாமான் நன்றாக இருக்கிறது என்று வாயால் பாராட்டவும் செய்தார்.

அன்று காரில் திரும்பி வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னிக்குத் தொண்டை நோகவே இல்லைங்க. தம்பியோட புதுப் பெட்டி நல்லா இருக்குல்ல? பாடறதுக்கு இடம் விட்டுக் குடுக்குது."

காதுக்காரர் "ம்" என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை வண்டியை அவர்தான் ஓட்டினாரா என்பதே அவருக்கு நினைவில்லை.

இடம் விட்டுக் கொடுக்கிறதாம். அப்படியென்றால் எட்டு வருஷமாக நான் என்ன அவள் தொண்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தேனா என்று கேட்டுக்கொண்டார். யாரும் பதில் சொல்லவில்லை, கேட்டதே மனசுக்குள்தானே. லிஃப்ட் மோட்டார் அறையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வார்த்தை வந்து நிற்கும். சோற்றில் கை வைத்தால் வந்து நிற்கும். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவள் தன் கிட்டாரைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறாள் என்று யோசித்துப் பார்த்தார். நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறாள். தொண்டை நோகவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு குறை தேட ஆரம்பித்தார். சின்னப் பெட்டியைப் பற்றி இணையத்தில் யார் யார் திட்டியிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தார். இரண்டு பெட்டிகளையும் ஒப்பிட்டு ஊர்பேர் தெரியாத ஆட்கள் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தன் பெட்டிக்குப் பரிந்து பேசியவன் எவனோ, அவன் சொந்தத் தம்பிபோலத் தோன்றினான். டீச்சரிடம் போய், சகலையின் ஒலி தகர டப்பா மாதிரி இல்லையா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படித் தெரியவில்லையே, என் பேஸ் இப்போதுதான் எனக்கே காதில் விழுகிறது என்றார். வேன்காரரிடம் கேட்கவே இல்லை.

சகலை இது எதையும் அறியாதவர். "அண்ணா, இந்த இடத்துல எப்படிப் பிடிக்கணும்?" என்று விரலை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் காதுக்காரருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்படி இருக்கையில், நாலு பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்துவிடுவது என்று முடிவாயிற்று. ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் பெண் அரை நாள்தான் ஒதுக்கினாள். இரண்டு மாடலர்களைக் கட்டி மேய்க்க நேரம் போதாது, இரண்டு கிட்டாரும் ஒரே பெட்டி வழியாக வரட்டும், எது என்று நீங்களே தீர்மானித்துக்கொண்டு வாருங்கள் என்றாள்.

வழி சொன்னவர் சகலை. நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்கிறவர் அல்லவா. எந்தப் பெட்டியும் சேராமல் வெறும் கிட்டாரைப் பதிந்துகொள்வது, அதே பதிவை முதலில் ஒரு பெட்டி வழியாகவும் அடுத்து மற்றதன் வழியாகவும் அனுப்புவது. வாசித்த கை ஒன்று, கிட்டார் ஒன்று, வித்தியாசம் பெட்டியில் மட்டும். எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்து, பிடித்ததைச் சீட்டில் எழுதச் சொல்லலாம். அண்ணாவே வாசிக்கட்டும், அண்ணாவே எல்லாம் தயார் செய்யட்டும், அவர் காதை விடவா என்றார் சகலை.

சனிக்கிழமை மத்தியானம் காதுக்காரர் கணினி முன் உட்கார்ந்தார். முதலில் நியாயமாகத்தான் செய்தார். மீட்டரைப் பார்த்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். கேட்டார். திரும்பக் கேட்டார். தன்னுடையது நன்றாக இருந்தது. சகலையுடையதும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவரைக் குடைந்தது. சமையலறையில் மனைவி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவர் தன் பெட்டியின் ஒலியை மட்டும் ஒன்றரை டெசிபல் ஏற்றினார். காதைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். அவ்வளவு கொஞ்சம் ஏற்றினால், சத்தம் கூடியிருக்கிறது என்று யாருக்கும் படாது. நிறைவாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்றுதான் படும். விரல் ஒரு நொடி நின்றது. பிறகு சேமித்து மூடினார்.

மறுநாள் கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் நாற்காலிகளில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிசும் சிறிசுமாக எழுத்துப் பலகை. காதுக்காரர் பின்னால் நின்று ஓட்டினார். நாலு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. டீச்சர் மட்டும் கை தூக்கி, பாட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டாமா என்றார். கலந்தால் குழம்பும், கிட்டார் தனியாகவே இருக்கட்டும் என்று காதுக்காரர் சட்டென்று சொல்லிவிட்டார். பதில் எங்கோ தயாராக இருந்ததுபோல வந்தது.

பதினாறு சீட்டில் பதிமூன்று அவருடைய பெட்டிக்கு. சகலை நாலு சீட்டிலும் அதையே எழுதியிருந்தார். பிரித்துப் படித்ததும் அவரே சிரித்து, கை கொடுத்தார்.

காதுக்காரருக்கு நெஞ்சு குளிர்ந்தது. கடைப்படி இறங்கும்வரை குளிர்ந்தது. தெருவுக்கு வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"நானும் உங்களுதுக்குத்தான் எழுதியிருக்கேன், பாருங்க. இத்தனை நாள் தெரியாம ஏதோ உளறிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு கார்ச் சாவியைத் தேடினார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

ஒலிப்பதிவு அடுத்த சனிக்கிழமை காலை. முதல் இரண்டு பாட்டு ஒப்பேறிவிட்டது, வேகமான பாட்டுகள். மூன்றாவது மெதுவானது. முன்பே பதிந்த கிட்டாரைக் காதில் கேட்டுக்கொண்டு மனைவி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பாடினாள். ஒலிப்பதிவுப் பெண் எல்லா ஒலிகளையும் தன் கணக்குக்கு அளந்து வைத்திருந்தாள். ஒன்றரை டெசிபலுக்கு அங்கே வேலையில்லை. மேலே போக வேண்டிய வரியில் மனைவியின் குரல் இழுத்தது. நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள். நாலாவது தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

இந்தப் பாட்டை விட்டுவிடலாம் என்றாள். தொண்டை முன்மாதிரி இல்லை, இந்த வயதில் இனி இப்படித்தான் இருக்கும் போல, உங்கள் எல்லார் நேரத்தையும் வீணாக்குகிறேன் என்று சொல்லிவிட்டு, சிரிக்கப் பார்த்தாள். சகலை வெந்நீர் எடுத்துவர எழுந்தார்.

பொறாமையில் ஒரு மனிதன் எவ்வளவோ தாங்குவான். தன் தொண்டை போய்விட்டது என்று மனைவி நம்புவதைக் காதுக்காரரால் தாங்க முடியவில்லை.

"உன் தொண்டை நல்லாத்தான் இருக்கு, என் பெட்டிதான் இடம் விடல," என்றார். "அந்த டெஸ்ட்ல என் பெட்டியை ஒன்றரை டெசிபல் ஏத்தி வெச்சேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

ஒன்றரை என்றால் நிறையவா என்று வேன்காரர் கேட்டார். சத்தம் கூடினதாகத் தெரியாது, ஒலி நன்றாக இருப்பதாகத் தெரியும் என்றாள் ஒலிப்பதிவுப் பெண், யார் முகத்தையும் பார்க்காமல்.

சகலை வெந்நீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"நான் புதன்கிழமையே என் பெட்டியை வித்துட்டேண்ணா," என்றார். "கடைக்கு வர்றவங்களுக்குப் பவரைக் கொஞ்சம் ஏத்தி வெச்சா, எழுத்து கறுப்பாத் தெரியும். ரொம்பத் தெளிவா இருக்குன்னு சந்தோஷமா வாங்கிட்டுப் போவாங்க. ஒரு வாரத்துல தலைவலியோட திரும்பி வருவாங்க. பதினோரு வருஷத்துல ஒருத்தருக்கும் நான் அப்படிப் பண்ணினதில்ல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று மனைவி கேட்டாள். தம்பி பெட்டி இடம் விடுகிறது என்று நீ சொன்னாய், அது பொறுக்கவில்லை என்றார். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்வது, லிஃப்ட் இல்லாமல் பதினான்கு மாடி ஏறுவதுபோல் இருந்தது.

"அன்னிக்கே என்னைக் கேட்டிருந்தா, எங்க இடிக்குதுன்னு சொல்லியிருப்பேனே," என்றாள் அவள். பிறகு கண்ணாடித் தடுப்புக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "இப்பச் சொல்றேன். குறைங்க."

வெறும் கிட்டாரின் பதிவு கையில் இருந்தது. அதைத் திரும்பப் பெட்டிக்குள் விட்டு, அவள் பாடப் பாட அவர் பேஸைக் குறைத்தார். இன்னும் என்றாள். பளபளப்பைக் குறைத்தார். இன்னும் என்றாள். எட்டு வருஷமாகச் சேர்த்தது ஒவ்வொன்றாக இறங்கிப் போயிற்று. கடைசியில் எஞ்சிய ஒலியைத் தனியாகக் கேட்டிருந்தால் அவரே தகர டப்பா என்று சொல்லியிருப்பார். ஆனால் மேலே போக வேண்டிய வரியில் அவள் குரல் தடையில்லாமல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கூடவே, இந்த ஒலியை மூன்று திருகில் மூன்று வருஷக்காரர் கண்டுபிடித்தாரே என்று எரியவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

சகலை தன் பங்கை வாசித்து முடித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. மாடி அறைச் சாவி மட்டும் மைத்துனி கையில் வந்தது. மைத்துனியும் சாவியை அக்காவிடம்தான் கொடுத்தாள், மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை.

விற்ற பெட்டியைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று காதுக்காரர் தேடிப் போனார். வாங்கியவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை செய்கிற பெண். எவ்வளவு கேட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். இவ்வளவு நல்ல ஒலியை எப்படித்தான் விற்க மனசு வந்ததோ என்று வேறு ஆச்சரியப்பட்டாள். காதுக்காரர் வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டார்.

அடுத்த நாள் கடைக்கே போனார். நாலு வாடிக்கையாளருக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்தபோது எழுந்து, செய்தது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றார். சகலை ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். வேலை நேரம் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வந்தார். கையில் வேறொரு மாடலர், பழையதைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒலி அளவைக் கவனிக்கும் பொறுப்பு இனி வேன்காரருக்கு என்று அன்றே தீர்மானமாயிற்று. வேன்காரர் அந்தத் திருகின் பக்கத்தில் காவல்காரர்போல உட்கார்ந்துகொண்டார்.

சகலை முதல் சுரத்தை மீட்டியதுமே தெரிந்துவிட்டது. புதுப் பெட்டி பழையதைவிட நன்றாக இருந்தது. மனைவி பாட ஆரம்பித்தாள், முகம் மலர்ந்தது. காதுக்காரரின் வயிற்றில் அந்தப் பழைய நெருப்பு ஒழுங்காகப் பற்றிக்கொண்டது. பாட்டு முடியும்வரை அதோடு வாசித்தார். முடிந்ததும் கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து சகலையிடம் போனார்.

"நல்லா இருக்கு. என் காது வயித்தெரிச்சல்ல சொல்லுது, அதனால நம்பலாம்," என்றார். "மிட் எங்க வெச்சிருக்கீங்க?"

சகலை கம்பியைத் துடைத்தார். துணியை மடித்தார். பெட்டிமேல் வைத்தார்.

"சொல்றேண்ணா," என்றார். "இன்னிக்கு இல்ல."