‘வென்’ என்று சொன்ன சமையல்காரர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. 1979இல், சிட்னியின் பென்டில் ஹில்லில், ஒரு பிறந்தநாள் வீட்டில் நாகேஸ்வரி அன்ரி சொன்னது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

“பிலிப்பைன்ஸ் ஏழாயிரம் தீவுகள் கொண்ட...” (பாடப்புத்தகம்.)

“அவர் இறந்தபோது வெளியே மழை...” (மழை இல்லையாம். அன்ரியிடம் கேட்டேன்.)

நேராகவே சொல்கிறேன்.

2

1975. சிட்னி ஆஸ்பத்திரி ஒன்றில் நாகேஸ்வரி நேர்ஸ்மாருக்கு உதவியாள். கொழும்பில் அரசாங்க கிளாக்காக இருந்தவர். அரசாங்க ஊழியருக்குக் கட்டாயமாக்கிய சிங்களச் சோதனையை எழுத மாட்டேன் என்று நின்று வேலையை விட்டவர். அதே வார்டில் எர்லிந்தா நேர்ஸ். பிலிப்பைன்ஸின் செபு தீவுக்காரி. வீட்டில் பேசுவது செபுவானோ. பள்ளிக்கூடத்தில் படித்தது தேசிய மொழி. மணிலாப் பக்கத்துப் பேச்சிலிருந்து எடுத்தது.

“இப்ப அந்த மொழிக்குப் பேர் பிலிப்பினோ. புது அரசியலமைப்பில ஃபிலிப்பினோ எண்டு ஒண்டு வரப்போகுதாம்,” என்றாள் எர்லிந்தா. “பேர் வந்திட்டுது. மொழி இன்னும் வரேல்லை.”

(இருவரும் பேசியது ஆங்கிலம். யாழ்ப்பாணத் தமிழை அவள் வாயில் வைத்தது நான். அவள் வாயில் ஏற்கெனவே மூன்று மொழி.)

3

ஒருநாள் காலை, துறைமுகத்துக் கப்பலிலிருந்து ஒரு சமையல்காரரைக் கொண்டுவந்தார்கள். பாவ்லினோ, ஐம்பது வயது. வயிற்றில் புண். காய்ச்சலில், தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் போய்விட்டது.

“உங்கட நாட்டு ஆள்தானே, கேளும்,” என்றார் டாக்டர். “ஒபரேஷனுக்குச் சம்மதமோ?”

எர்லிந்தா பள்ளிக்கூட மொழியில் கேட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “வென்” என்றார். திரும்பவும், “வென், வென்.”

எர்லிந்தாவின் காதில் அது ஆங்கிலமாக விழுந்தது.

“எப்ப எண்டு கேக்கிறார், டாக்டர்.”

“முதல்ல ஓம் எண்டு சொல்லட்டும்.”

கப்பல் ஏஜென்ட் ஒரு மொழிபெயர்ப்பாளரை அனுப்புவதாகச் சொன்னார். காத்திருந்தார்கள். கேள்வி கேட்கிற மனிதர் கையெழுத்துப் போட மாட்டார் என்று, ஒருவரும் பேனாவைக்கூட நீட்டவில்லை. பின்னேரம் மூன்று மணிக்குப் புண் வெடித்தது. ஒபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

4

அடுத்த நாள் அவருடைய பெட்டியை எடுக்க, அவர் மாகாணத்துக்காரர் ஒருவர் வந்தார்.

“எப்ப எப்ப எண்டு கேட்டுக்கொண்டே போட்டார்,” என்றாள் எர்லிந்தா.

“என்ன சொல்லிக் கேட்டவர்?”

“வென் எண்டு.”

வந்தவர் பெட்டியைக் கீழே வைத்தார். “எங்கட மாகாணத்து இலோக்கானோ மொழியில ‘வென்’ எண்டா ஓம்.”

எர்லிந்தா சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டாள். “நானும் பிலிப்பினோ, அவரும் பிலிப்பினோ. ஒரு ஓம் விளங்கேல்லையே, நாகேஸ்!”

நாகேஸ்வரி அவளுக்குப் பக்கத்தில் குந்தி, “நீ என்ன...” (அன்ரியும் இந்த வசனத்தை முடிக்கவில்லை.)

“அப்ப எனக்கொரு நினைப்பு வந்தது, தம்பி,” என்றார் அன்ரி என்னிடம். “ஒரே மொழியை எல்லாருக்கும் அடிச்சுத் திணிச்சிருந்தா அந்த மனுசன் பிழைச்சிருப்பார். அந்தத் திணிப்புக்காகத்தானே நான் வேலையை விட்டனான். இவ்வளவு நாளும் இதை ஆருக்கும் சொல்லேல்லை.”

  

5

இரண்டு மாதம் கழித்து பாவ்லினோவின் மனைவியிடமிருந்து எர்லிந்தாவுக்குக் கடிதம் வந்தது. யாரையோ பிடித்துத் தேசிய மொழியில் எழுதுவித்திருந்தார்: கடைசியாக அவர் என்ன சொன்னார்?

எர்லிந்தா அதை நாகேஸ்வரியிடம் கொடுத்துவிட்டாள். “அவவின்ர மொழி எனக்கு வராது. என்ர மொழி அவவுக்கு வராது. பள்ளிக்கூட மொழியில நான் இனி எழுதமாட்டன். நீ இங்கிலிஷில எழுது.” அந்த மாதமே நேர்ஸ் வேலையை விட்டு ஒரு பிஸ்கட் பக்டரியில் சேர்ந்தாள். அங்கே பேச்சு தேவையில்லையாம்.

“என்ன எழுதினீங்கள் அன்ரி?”

“எழுதிப் போட்டனான்,” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். உண்மையை எழுதினால், காப்பாற்றியிருக்கலாம் என்பதை ஒரு பெண் சாகும்வரை சுமப்பாள். பொய்யை எழுதினால், அவர் சொன்ன அந்த ஒரு சொல்லும் யாருக்கும் போய்ச் சேராது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். எந்த மொழியில் என்பதையும் நீங்களே முடிவுசெய்யுங்கள், எனக்குத் தெரியவில்லை.

அன்புள்ள அம்மா, உங்கள் கணவர் கடைசியாக