புளித்த மிச்சம்

சர்க்கரை இருக்கும்வரை பாக்டீரியாவைப் போல ஊதாரி கிடையாது. அள்ளி அள்ளித் தின்னும். அவசரத்தில் பாதியை அசிட்டேட்டாக, புளித்த மிச்சமாக, வெளியே துப்பிவிடும். சர்க்கரை தீர்ந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். அப்புறம் வேறு வழியில்லை என்று தெரிந்து, உள்ளே இருக்கிற தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் மாற்றிப் போட்டு, துப்பியதையே தின்னத் தொடங்கும்.

ஆராய்ச்சிக்காரி ஒரு மரபணுவை மாற்றி வளர்த்த பாக்டீரியா இந்தக் குட்டிக்கரணத்தை அடிக்குமா என்பதுதான் கேள்வி. சர்க்கரை தீர்ந்தாயிற்று. வளர்ச்சிக்கோடு படுத்தது படுத்தபடியே இருந்தது. காலைக்குள் பாக்டீரியா பெருகிக் குடுவை கலங்கவில்லையென்றால் கொட்டிவிடச் சொல்லிவிட்டார் ஆய்வகத் தலைவர். குலுக்கு இயந்திரத்துக்கு வரிசையில் ஆள் நிற்கிறதாம். கொட்டினால் அவள் ஆராய்ச்சியும் சாக்கடையோடு சரி.

கணவன் பிரிந்துபோன வீட்டில் பேச்சுத் துணைக்கு இருந்தது குளிர்பெட்டியின் உறுமல் மட்டும்தான். ஆகவே அவள் ஆய்வகத்திலேயே குடுவையோடு குடித்தனம் நடத்தினாள். போகும்போதும் வரும்போதும் அதை இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சொட்டு உறிஞ்சி அளப்பாள்.

அன்றும் அப்படி எடுத்துப் பிடித்திருக்கையில் அக்கா போனில் கூப்பிட்டாள். காலையிலும் கூப்பிட்டவள்தான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"அழுதியாடி?"

"நீ கேட்டுக் கேட்டுத்தான் அழறேன். கொஞ்ச நாள் என்னை என் பாட்டுக்கு விடுக்கா."

"சரிம்மா. எனக்கென்ன, பேச ஆளா இல்ல."

போன் அடங்கியது. அப்போதுதான் இன்னொரு கைக்கு உறைத்தது: குடுவை ஜில்லிட்டிருந்தது. அசிட்டேட்டைத் தின்னக் காற்று வேண்டும், குலுக்கினால்தான் காற்று, கதகதப்பும் வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. நலம் விசாரித்து விசாரித்தே இவளே அதை எழவிடாமல் செய்திருக்கிறாள்.

குடுவையை உள்ளே மாட்டி மூடினாள். இங்கே இருந்தால் மறுபடி எடுப்போம் என்று, இருட்டுமுன்பே அந்த வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

காலையில் குடுவை சோப்புத் தண்ணீர்போலக் கலங்கியிருந்தது.

"அட, பிழைச்சுக்கிச்சே" என்றார் தலைவர். தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வேறு யாரிடமாவது சொல்லலாமென்று சுற்றிலும் பார்த்தாள். இயந்திரங்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. போனை எடுத்தாள்.

"அக்கா, சாப்பிட்டியா?"



"யாரு பேசறது?" என்றாள் அக்கா.