ஐந்து பேரை எண்ணிய நாய்

ஏரியில் மூழ்கி மூன்று வருடம் ஆகியிருந்த மூத்தவளை, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு நாய் வீட்டுக்கு ஓட்டிவந்து சேர்த்தது. கடைசியாகப் போட்டிருந்த பச்சைச் சுடிதாரிலேயே இருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா ஒரு வாளியைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். அது நிரம்ப நிரம்பக் கொட்டுவது சின்னவளின் வேலையானது, அந்த வீட்டில் எல்லா வேலையும் கடைசியில் அவள் தலையில் வந்து விழுவதைப் போல.

தவறு அம்மாவுடையது. லாரி ஓட்டும் அப்பா, மந்தையை விற்றுவிட்ட ஒருவரிடமிருந்து அந்த நாயை வாங்கி வந்தார். கன்றுக்குட்டி உயரம். "ஆடு மேய்க்கிற ஜாதிங்க இது, சும்மா வெச்சிருந்தா வீட்டையே பிரிச்சுப் போட்டுரும்" என்றார் கால்நடை மருத்துவர். "யாரைப் பாத்துக்கணும்னு மோப்பம் காட்டிடுங்க. அந்த எண்ணிக்கையைச் சாகற வரைக்கும் மறக்காது." அன்றைக்கே அம்மா துணிகளை ஒவ்வொன்றாக அதன் மூக்கில் காட்டினாள். அப்பாவின் காக்கிச் சட்டை, அண்ணனின் பனியன், சின்னவளின் துப்பட்டா, தன் சேலை. கைப்பழக்கத்தில், கதவுக்குப் பின்னால் துவைக்காமல் தொங்கிக்கொண்டிருந்த மூத்தவளின் துண்டையும் காட்டிவிட்டாள். நாய் நான்கு சாயங்காலம் நான்கு பேரைச் சுற்றிச் சுற்றி வந்து வாசலில் நின்று ஊளையிட்டது. ஐந்தாம் நாள் ஏரிப் பக்கம் போனது.

தெருக்காரர்கள் இரண்டு நாள் வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தையல்காரர், விட்டுவிட்டுப் போன மனைவியின் ரவிக்கையோடு வந்து, நாயைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அம்மா முடியாது என்றாள். வந்ததைப் பற்றி மூத்தவள் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்: "நான் வரலைன்னுதான் சொன்னேன். கணுக்கால்லயே முட்டிட்டு இருந்துச்சு." காலேஜெல்லாம் வேண்டாம் என்று அப்பா சொன்ன மறுநாள்தான் அவள் ஏரிக்குப் போயிருந்தாள். அதைப் பற்றி அப்போதும் யாரும் பேசவில்லை, இப்போதும் பேசவில்லை. அந்தச் சாவுக்குப் பயந்துதான் சின்னவளைப் படிக்க வைத்தார்கள். அதற்கு அவளிடம் நன்றியையும் எதிர்பார்த்தார்கள்.

நாயைப் பராமரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தினமும் அரை மணி நேரம் இரும்புச் சீப்பால் சீவ வேண்டும், இல்லையென்றால் மேல்முடிக்கு அடியில் இருக்கும் பஞ்சு முடி சிக்குப் பிடித்துக்கொள்ளும். வெயில் காலம் என்று மழித்துவிடக் கூடாது, அந்தப் பஞ்சுதான் சூட்டையும் தடுக்கிறது. சாப்பாட்டை இரண்டு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். தின்ற கையோடு ஓடவிட்டால் வயிறு முறுக்கிக்கொள்ளும். வழுக்கும் தரையில் இடுப்பெலும்பு விலகும் என்று சின்னவள் கூடம் முழுக்கச் சாக்கு விரித்தாள். அது யாரையும் கடித்ததில்லை. சாயங்காலமானால் ஐந்து பேரையும் தேடிப் போய், தோளால் முழங்காலை நெட்டி வீட்டுக்குத் தள்ளும். நகராவிட்டால் கண்ணை எடுக்காமல் பார்க்கும். அந்தப் பார்வைக்கு அப்பாவே எழுந்து வீட்டுக்குள் போனார். "ஏண்டி, மேய்ச்சல் முடிஞ்சுதா?" என்று, நாய்க்கு முன்னால் நடந்து வீடு வந்த சின்னவளை அண்ணன் ஒருநாள் கிண்டல் செய்தான். "உன்னையும்தான் டீக்கடையிலேர்ந்து பத்திட்டு வருது, போடா" என்றாள் சின்னவள்.

அந்த வருடக் கடைசியில் வேறு ஊர்ப் பால் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒன்றாம் தேதி சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். முப்பதாம் தேதி காலை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் அந்த பஸ் நாற்பத்திரண்டு பயணிகளோடு பின்பக்கமாகவே பதினெட்டு கிலோமீட்டர் ஓடி, தெருமுனையில் வந்து நின்றது. எதிரில் நாய் நின்றுகொண்டிருந்தது. இறங்கும்போது கண்டக்டர், "இன்னொரு தரம் ஏறாதம்மா, டிரைவருக்குக் கழுத்து புடிச்சுக்கிச்சு" என்றார்.  அப்பா அன்றைக்கு நாய்க்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தார்.

ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. வாளியைக் கொட்ட வந்தவளிடம் மூத்தவள் மெதுவாகச் சொன்னாள்: "அதுக்கு ஆள் முக்கியமில்லடி, எண்ணிக்கைதான். இந்த வீட்டுக்கு அடங்கினவ ஒருத்தி உனக்குள்ள இருப்பா இல்ல? அவளை விட்டுட்டுப் போ."

"நீயும் அப்படிப் போயேன்."

"நான் விட்டுட்டுப் போக எங்கிட்ட என்னடி இருக்கு?"

மறுநாள் காலை சின்னவள் நாயைச் சீவ உட்கார்ந்தாள். பாதி முதுகு சீவியபோது எழுந்தாள். வலது கால் மரத்துப்போயிருந்தது, உடம்பு பாதி எடைதான் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். நாய் எழவில்லை. சீப்பு இழுபடும் சத்தம் வாசல் தாண்டும் வரை கேட்டது. இந்த முறை பஸ் முன்பக்கமாகவே போனது.

சேர்ந்துவிட்டதைச் சொல்ல விடுதியிலிருந்து போன் செய்தாள்.

"அம்மா, நான்தான்."

"யாருங்க?"

"உன் சின்னப் பொண்ணும்மா."

"எங்க சின்னவ இங்க நாய்க்குச் சோறு வெச்சிட்டு இருக்காளே. யாருங்க நீங்க, விளையாடறீங்களா?"

அம்மாவுக்குப் பின்னாலிருந்து சின்னவளின் குரலே கேட்டது. "யாரும்மா போன்ல?" அந்தக் குரலில் கோபமே இல்லை.  விடுதியில் இருந்தவள் "ராங் நம்பருங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அதன் பிறகு அவள் போன் செய்யவில்லை. அங்கே இருப்பவளுக்குக் கல்யாணம் பேசி முடித்ததாக, சரக்கு ஏற்ற வந்த, அப்பாவைத் தெரிந்த ஒரு லாரிக்காரர் மூலம் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்யும் அக்கா ஒருநாள் கேட்டாள்: "ஏம்மா, மூணு வருஷமாச்சு, லீவுக்கு வீட்டுக்கே போக மாட்டேங்கறியே?"

"வீட்டுலதான்க்கா இருக்கேன்" என்றாள் சின்னவள். அடுத்த பால் குப்பியை எடுத்துக் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தாள்.