மருந்து படாதவர்

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சின்னுசாமியின் மனைவி சென்னியம்மாள், மருந்தே படாதவர் என்ற தகுதியில்தான் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்.

ஆய்வு செய்தவள் தனப்பிரியா, சேலத்தில் ஆராய்ச்சி மாணவி. பண்ணைகளில் அடிக்கிற ஈ மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏறினால், ரத்தத்தில் ஒரு நொதியின் வேகம் குறையும். ஆள் படுக்கையில் விழுவதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும். மருந்தடிக்கிறவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தைத் தொடாத சிலரும் தேவைப்பட்டார்கள்.

"எங்கூட்டம்மா பண்ணைப் பக்கமே வர மாட்டா. அவகிட்ட எடுத்துக்குங்க" என்றார் சின்னுசாமி. ஊசியை எடுத்ததும் அவரைக் காணவில்லை.

மருந்தடிக்கிற ஆட்கள் எல்லாரையும்விடச் சென்னியம்மாளுக்கே நொதி குறைவாக இருந்தது. ரத்தம் பிடித்த குழாய் மாறிவிட்டது என்று நினைத்த தனப்பிரியா, வந்து மறுபடியும் ரத்தம் எடுத்தாள். மறுபடியும் அதே முடிவு.

"தலைவலி, கண் மங்கல் ஏதாச்சும் இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டாள்.

"எல்லாமே இருக்குது கண்ணு. செல்போன் பாக்கறதாலன்னு அவரு சொன்னாரு."

"ரொம்ப நேரம் பாப்பீங்களா?"

"எங்கிட்ட செல்போனே இல்லீங் கண்ணு."

சமையலறை, தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கிற இடம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கடைசியாகப் படுக்கையறைக் கதவைத் திறந்ததும் தனப்பிரியாவுக்குக் கண் எரிந்தது. கட்டிலுக்கு அடியில் ஈ மருந்து கேன்கள். ஒன்றுக்கு மூடி இல்லை, துணி அடைத்திருந்தது.

"பண்ணையில வெச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடறானுங்க. இங்கன்னா பத்திரம்" என்றார் சின்னுசாமி.

"நீங்களும் இங்கதான் படுக்கறீங்களா?"

"நானு வாசல்லீங்க. உள்ளார ஒரு வாடை. எனக்கு ஒத்துக்கறதில்லை."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது.

"வாடை அடிக்குதுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?" என்றார் சென்னியம்மாள்.

"உனக்கும் மூக்கு இருக்குதுன்னு நெனச்சேன்."

"அது உங்க வாடைன்னு நெனச்சுட்டேனுங்க."

சின்னுசாமி கையுறை மாட்டிக்கொண்டு கேன்களைப் பண்ணை அறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார். சென்னியம்மாள் திருச்செங்கோட்டில் மகள் வீட்டுக்குப் போனார். பொங்கலுக்குத்தான் திரும்பினார். அப்போது எடுத்த ரத்தத்தில் நொதி ஏறியிருந்தது. தலைவலியும் போயிருந்தது.

ஒப்பீட்டுப் பட்டியலில் அவரை இனி வைக்க முடியாது என்று தனப்பிரியா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்ப நான் குடுத்த ரத்தம் வீணா?" என்று சென்னியம்மாள் கோபித்துக்கொண்டார்.

வீணாகவில்லை. பண்ணைக்காரர்களின் வீடுகளையும் பார்ப்பது என்று தனப்பிரியா முடிவு செய்தாள். அறிமுகத்துக்குச் சென்னியம்மாளே கூட வந்தார். முதல் வீட்டில் சாலம்மாள் என்பவரிடம், கட்டிலுக்கு அடியில் மருந்து இருக்கிறதா என்று கேட்டார்.

"சேச்சே, படுக்கற எடத்துல வைப்பாங்களா?" என்றார் சாலம்மாள். "அரிசி டிரம்முக்குப் பக்கத்துலதான் வெச்சிருக்குதுங்க."