சிரங்குப் பூச்சிக்குச் சிறகில்லை

குழந்தைகள் தோல் நோய்ப் பிரிவில் ஒரு நர்ஸ் கேட்கக்கூடிய பொய்களில் முதலிடம் "ஒழுங்காத்தான் தடவினோம்" என்பதற்கு. இரண்டாமிடம் "வீட்டுல நாங்க மூணு பேர்தான், வேற யாரும் இல்ல சிஸ்டர்" என்பதற்கு. சுண்டெலியின் அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

சுண்டெலி என்பது நான் வைத்த பெயர். நான்கு வயது. முன்பற்கள் இரண்டும் எடுப்பாக இருக்கும், கை எந்நேரமும் எதையாவது சுரண்டிக்கொண்டிருக்கும். பதிலுக்கு அவள் எனக்குக் களிம்பு அத்தை என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது அவள் சுரண்டுவது தன்னையே. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி என்று பொடிப்பொடியாகச் சிரங்கு, நகம் கிழித்த இடங்களில் சீழ். மருந்து தடவி ஆறி, திரும்ப வந்து, மறுபடி தடவி ஆறி, இதோ மூன்றாவது தடவையும் வந்துவிட்டது. ராத்திரி தூங்காத பிள்ளையின் கண்ணைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வயிறு எரிந்தால் நான் அம்மாக்களைத் திட்டுவேன். அது என் சுபாவம்.

டாக்டர் அதே களிம்போடு சீழுக்கும் ஒரு மருந்து எழுதி, புரியும்படி சொல்லி அனுப்பச் சொல்லி என்னிடம் தள்ளிவிட்டார். நான் என் பாட்டைப் பாடினேன். கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமல் தடவ வேண்டும். விரலிடுக்கு, நக இடுக்கு, முதுகு, பிட்டம், எதற்கும் வெட்கப்படக் கூடாது. ராத்திரி முழுக்க உடம்பில் ஊறவிட்டுக் காலையில் குளிக்க வேண்டும். துணிமணி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையோடு ஒட்டிப் பழகுகிற எல்லோரும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும், ஒரே சாயங்காலத்தில் தடவ வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் பூச்சி அவரிடம் கொஞ்ச நாள் குடித்தனம் நடத்திவிட்டுப் பிறந்தகம் திரும்புவதுபோலத் திரும்பி வந்துவிடும்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். துணிக்கடையில் பில் போடுகிறவள். பாலர் பள்ளியில் நான் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் குழந்தையைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடை முதலாளியோ, இன்னொரு நாள் லீவு போட்டால் ஒரேயடியாக வீட்டிலேயே இருந்துவிடு என்று சொல்லிவிட்டாராம். வேலை போனால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் சுண்டெலியின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது, பழைய பருத்தித் துணியில் கைக்கு உறை தைத்துப் போட்டால் தூக்கத்தில் கிழித்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளே சீழைத் துடைத்துக் கட்ட வந்தபோது உறை தயாராக இருந்தது. வெள்ளைத் துணியில் மஞ்சள் வாத்துகள். துணியை வெட்டியதில் ஒரு வாத்துக்கு மட்டும் தலை போயிருந்தது. அந்தத் தலையில்லாத வாத்தைக் காட்டிக் காட்டிச் சுண்டெலி அன்றைக்குச் சிரித்தாள்.

அந்த வாரமே வேறொருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். வேர்க்குரு என்றாள். பையன் முழுக்கப் பவுடர், பணியாரத்துக்கு மாவில் புரட்டியதுபோல. நான் முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வயதுக் குழந்தைக்குச் சிரங்கு உள்ளங்காலில்தான் வீடு கட்டும். கட்டியிருந்தது. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா என்று கேட்டேன். யாருக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வளையலை மேலே தள்ளி மணிக்கட்டைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்தாள். பொய் சொல்லும்போதாவது கையைச் சும்மா வைத்திருக்கலாம்.

அப்போதுதான் பையனின் கையுறையைக் கவனித்தேன். வெள்ளைத் துணி. ஓரத்தில், உடம்பில்லாமல், ஒரு மஞ்சள் வாத்தின் தலை.

"இந்த வாத்தோட உடம்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்மா," என்றேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் சுண்டெலியின் பெரியம்மா. புருஷன்மார் இருவரும் அண்ணன் தம்பி, ஒரே வீடு, நடுவே சுவர். இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அப்பா விட்டுப்போன ஸ்கூட்டரை விற்பதா வைத்துக்கொள்வதா என்று ஆரம்பித்த சண்டை, முதல்நாளே வாய் தடித்துப்போய், ஆளுக்கொரு சபதத்தில் முடிந்திருக்கிறது. ஆனால் ஓரகத்திகள் இருவரும் அந்தச் சபதத்தை ஒருநாள்கூட மதித்ததில்லை. பாலர் பள்ளி விட்டதும் சுண்டெலி பெரியம்மாவிடம் வந்துவிடுவாள். சாயங்காலம்வரை பையனும் அவளும் ஒரே பாயில் ஒட்டிக்கொண்டு தூக்கம். அவளுடைய அப்பாவோ, பிள்ளை கடைக்குப் பக்கத்துக் காப்பகத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்தால் இந்த ஏற்பாடு போகும். ஏற்பாடு போனால் தங்கச்சியின் வேலை போகும்.

ஓரகத்தியை அவள் தங்கச்சி என்று சொன்னவிதம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் கொஞ்சம் குறைவாகத் திட்டினேன்.

"சிஸ்டர், பூச்சி சுவர் தாண்டிப் பறந்து வந்துச்சுன்னு சொல்லிடுங்களேன்," என்றாள் அவள்.

இந்த வேலைக்கு வந்த நாள் முதல் நான் தொண்டை வறளச் சொல்லிவருவது ஒன்றுதான். இந்தப் பூச்சி பறக்காது, குதிக்காது, உடம்போடு உடம்பு ஒட்டினால்தான் ஏறும். என் வாயாலேயே அதற்கு இறக்கை கட்டச் சொல்கிறாள். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் காட்டிப் பையனுக்கும் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். ஆனால் இரண்டு வீடும் ஒரே சாயங்காலத்தில் தடவாவிட்டால் சுண்டெலி நான்காவது தடவையும் வருவாள். புருஷன்மார் சட்டையைக் கழற்றாமல் அது நடக்காது. காரணம் சொல்லாமல் அவர்கள் கழற்றப்போவதும் இல்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருந்துகிற பொய் ஒன்றைத் தேடிக்கொண்டு, விடாமல் திரும்பி வரும் நோய்க்கு வீட்டைப் பார்க்கப் போகலாம் என்ற எங்கள் விதியைப் பிடித்துக்கொண்டு, நானே கிளம்பிப் போனேன்.

அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டைப் பிளந்துகொண்டு முற்றத்துக்கு வந்த சுவர், ஸ்கூட்டர்வரை வந்து நின்று, ஸ்கூட்டரைத் தாண்டியதும் மறுபடி தொடங்கியது. வண்டியை நகர்த்த அண்ணனைத் தம்பி விடவில்லை, தம்பியை அண்ணன் விடவில்லை. கொத்தனார் என்ன செய்வார் பாவம், இடைவெளி விட்டுக் கட்டிவிட்டுப் போய்விட்டார். சுண்டெலி தினமும் ஏறிக் குதிக்கிற வழி அதுதான். வண்டி முழுக்கத் துரு. சீட்டில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. என் பொய் அங்கே கிடைத்துவிட்டது.

இரண்டு வீட்டாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டேன். அண்ணன் குழாய் வேலை பார்க்கிறவர். தம்பி கரண்டு வேலை. அண்ணன் வீட்டு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. தம்பி வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் சுவரை ஒட்டி நின்றார்கள், ஓரகத்திகள் ஒருவரையொருவர் இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல நின்றார்கள். நாடகத்தில் சேர்க்கலாம்.

தனக்கு அரிப்பே இல்லை என்றார் அண்ணன். உள்ளங்கை மட்டும் கொஞ்ச நாளாக அரிக்கிறது, காசு வரும் என்று காத்திருக்கிறாராம். வரப்போவது காசில்லை என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். பூச்சி பறக்காது, குதிக்காது. ஆனால் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி உட்கார்ந்தால் எப்போதாவது தொற்றலாம். பொய்யில்லை, ஆனால் மெய்யை நன்றாக இழுத்து நீட்டியிருந்தேன். இந்த சீட்டில் இரண்டு பக்கத்து ஆளும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன்.

என் திட்டம் எளிமையானது. இருவரும் இல்லவே இல்லை என்பார்கள். பிள்ளை விளையாட்டுக்கு ஏறியிருப்பாள் என்று நானே சொல்லி, பழியை வண்டிமேல் போட்டுவிட்டு, களிம்பைக் கையில் கொடுத்துக் கிளம்பிவிடுவேன்.

இருவரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் ஓரமாத்தான் உக்காருவேன்," என்றார் அண்ணன் மெதுவாக.

"அண்ணா, நீ சும்மா இரேன்," என்றார் தம்பி.

இரண்டு வருஷமாக யாரும் கேட்காத 'அண்ணா' அது. பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில், தம்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவானோ என்று அண்ணன் சாயங்காலங்களில் காவலுக்கு வந்திருக்கிறார். அண்ணன் விற்றுவிடுவானோ என்று தம்பியும் வந்திருக்கிறார். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் காவலுக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து, பொம்பளைகள் அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து, இருவரும் ஒரே சீட்டில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டு, பேசாத சகோதரர்களாக வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

சுண்டெலியின் அம்மாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நீங்க ரெண்டு பேரும் இங்க ஜோடி போட்டு உக்காந்திருக்கீங்க. நான் பெத்த பிள்ளையைத் திருட்டுப் பூனை மாதிரி தினமும் இந்த வண்டி மேல ஏத்தி அனுப்பிக்கிட்டு இருக்கேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தம்பி நிமிர்ந்து பார்த்தார். யாரிடம் அனுப்பினாய் என்று கேட்டார். வேலை, கடை, முதலாளி எல்லாம் அவள் முகத்தில் ஓடியது. என் சாமர்த்தியத்தால் ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"என்கிட்டதான் தம்பி அனுப்பினா," என்றாள் பெரியவள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது தெரிஞ்சிருந்தா நாங்க வாசல் வழியாவே வந்திருப்போம்."

தம்பி கோபப்படப் பார்த்தார். கோபம் வரவில்லை. எப்படி வரும், அவர் சட்டைப்பையிலேயே பாதி சிகரெட் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் சிரித்துவிட்டார். அதற்குப் பெரியவள் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இந்த வீட்டில் சதை அரித்தே காட்டிக்கொடுத்துவிட்டது. அரிக்காமல் இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான்.

நான் களிம்பைப் பிரித்தேன். முதுகு தனக்குத்தானே எட்டாது, வீட்டுக்காரி தடவிவிட வேண்டும் என்றேன். இரண்டு வீட்டுக்காரிகளும் ஒரே குரலில் மறுத்தார்கள். கூடப்பிறந்தவர் இருக்கிறாரே, அவரையே தடவச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குத் தடவ உள்ளே போனார்கள், ஒரே வாசல் வழியாக.

ஆக, முற்றத்தில் சட்டையில்லாமல் இரண்டு ஆம்பளைகள். குழாய்க்கு வெள்ளைப் பசை பூசுகிறமாதிரி அண்ணன் பூசினார். திட்டினேன். பிறகு விரல்களை விரித்துப் பொறுமையாகத் தடவினார். தம்பி குனிந்துகொண்டே இருந்தார்.

"நடுவுல விட்டுட்ட. இன்னும் கொஞ்சம் கீழ, அண்ணா."

குரல் உடைந்திருந்தது. அண்ணன் கொஞ்சம் கீழே தடவினார். நான் வேண்டுமென்றே பையில் எதையோ தேடினேன். எனக்குக் கண்ணீர் பிடிக்காது, களிம்பைக் கரைத்துவிடும்.

உள்ளேயிருந்து பெரியவள் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கைக்குழந்தை என்பதால் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை களிம்பு, கையை வாயில் வைத்து நக்காதிருக்க வாத்து உறை. பையன் பிறந்ததிலிருந்து சித்தப்பாவுக்கு அவன் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற அழுகை மட்டும்தான். தம்பி எழுந்தார். கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தூக்கலாமா சிஸ்டர்? ஒட்டிக்காதே?"

"உங்க எல்லாருக்கும் இருக்கிறது ஒரே பூச்சிதான்யா," என்றேன். "தாராளமா தூக்கு."

ஒரு வாரம் கழித்து எல்லோரும் இரண்டாவது தடவை தடவினார்கள். அரிப்பு மெல்ல மெல்லத்தான் அடங்கியது, அது அப்படித்தான். பள்ளிக்கான சீட்டில் கையெழுத்து வாங்க வந்த சுண்டெலியை, கடைக்குப் போகும் அவசரத்திலிருந்த அம்மா என்னிடம் விட்டுவிட்டு ஓடினாள். பெரியம்மா வந்து பள்ளியில் விட்டு, மதியம் பள்ளிக்கே போய்க் கூட்டிவருவாராம். விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். சுத்தம். அவள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"இப்ப எல்லாரும் வாசல் வழியாத்தான் போறோம், களிம்பு அத்தை," என்றாள். "வண்டி மேல ஏற விடவே மாட்டேங்கிறாங்க."