ஜிப் ரன்னர்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற எங்களுக்கு வாய்தான் மூன்றாவது கை. ஜிப்பில் கோக்க வேண்டிய, அதை இழுத்து மூடுகிற குட்டி ரன்னர்களை வாய்க்குள் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துப்பி மாட்டுவோம். அதோடு பேச்சும் சிரிப்பும் வேறு.

எங்கள் யூனிட்டில் என் பக்கத்து மெஷின் பொன்மணிக்குச் சிரிப்பு கொஞ்சம் கூடுதல். சித்திரையில் ஒருநாள் எதிர் மெஷின் பாண்டிசெல்வி எதையோ சொல்லிவைக்க, இவள் சிரித்துப் புரையேறி, கண் பிதுங்க இருமினாள். இருமல் அடங்கியபோது ஒரு ரன்னரைக் காணவில்லை. ரன்னரை விழுங்காத ஆள் எங்களில் யார்? வாழைப்பழம் தின்றால் தானாகப் போய்விடும். அவளும் தின்றாள், மறந்தாள்.

ஆடியில் காய்ச்சல். அப்புறம் நாற்றமெடுத்த சளி. ராஜபாளையத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சின் வலப்பக்கம் ஒரு நிழல், அதன் நடுவே பளிச்சென்று ஒரு ரன்னர்.

"நைட்டியோட வந்து நின்னா ஜிப்பும்தான் படத்துல விழும்," என்று சலித்துக்கொண்டார் படம் எடுத்தவர். நைட்டியைத்தான் போட்டிருந்தாள். மறுபடி ஒரு படம் எடுக்க அந்த மனுஷனுக்குச் சோம்பல். டி.பி. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஆளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கார்த்திகையில் ரத்தம் துப்பினாள்.

"ஈஸ்வரிக்கா, மூச்சு பாதிதான் உள்ள போவுது. எம் புள்ளைய வளத்து ஆளாக்கிருவேனா?" என்றாள். அன்றைக்கே நான் அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே புதுப் படத்தைப் பார்த்த நர்ஸ் முகம் சுளித்தார். "ஜிப்பு வச்ச துணியக் கழத்தச் சொன்னோம்லா?"

பொன்மணி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி அங்கி. முதுகில் நாடா மட்டும்தான்.

"இதுல ஜிப்பே இல்லையே சிஸ்டர்."

டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ரன்னர் அதே இடத்தில் இருந்தது. நம் வாயில் சும்மா கிடக்கிற கிருமி அதோடு நுரையீரலுக்குள் இறங்கிக் கூடு கட்டிவிட்டது, அபூர்வமாகத்தான் இப்படி வரும் என்றார்.

"எடுத்துட்டா சரியாயிருமா சார்?" என்று கேட்டேன்.

"இப்பவே மதுரைக்குக் கெளம்புங்க," என்றார்.

ஆம்புலன்ஸில் ஏற்றியதும் பொன்மணி என் கையைப் பிடித்தாள். "யூனிட்டுக்குப் போன் போடுக்கா. அவளுவ வாயில இருக்கும்."

போட்டேன். பாண்டிசெல்விதான் எடுத்தாள். "ம்," என்றாள். வாய் நிறைய ரன்னர்.

"ஏட்டி, வாயில உள்ளத மெதுவாத் துப்பு. சிரிச்சிராத."

எதற்கு இப்படிச் சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. சிரிக்க ஆரம்பித்தாள்.